கூலி கேட்காமல் எடுத்த சுவர்

கல்கத்தாவின் தென்மேற்கு ஓரத்தில், ஆதிகங்கை ஹூக்ளியில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கிடர்பூர். கப்பல்துறை, பாலங்கள், சரக்கு லாரிகள், பள்ளிவாசல்கள், பூகைலாஷ் சிவன் கோயில்கள், ஆள் ஒதுங்கி நடக்கும் சந்துகள் என்று நெருங்கிக் கிடக்கும் அந்த ஊரில் ஒரு குழி வயல்கூடக் கிடையாது. உழவைப் பற்றிய கேள்வி ஒன்றை அங்கிருந்து தொடங்கக் காரணம் அதன் பெயர். கிட் என்ற பிரிட்டிஷ் குடும்பத்தின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். க்வாஜா கிள்ரின் பெயரால் வந்தது என்பார்கள் வேறு சிலர். தமிழ் முஸ்லிம்கள் கிள்ர் நபி என்று சொல்லும் அதே பெரியவர்தான். அரபியில் அந்தப் பெயருக்குப் பசுமையானவர் என்று பொருள். அவர் ஒருமுறை வெளுத்துக் கிடந்த தரிசில் உட்கார்ந்தார், எழுந்தபோது அவருக்குப் பின்னால் அந்த நிலம் பச்சைப்பசேலென்று அசைந்தது, அதனால் இந்தப் பெயர் வந்தது என்று ஹதீஸ் சொல்கிறது. வங்காளத்துப் படகோட்டிகள் தண்ணீரில் இறங்குமுன் நினைத்துக்கொள்வது அவரைத்தான். முர்ஷிதாபாத்தில் ஆண்டுதோறும் பாத்ர மாதத்தில் ஆற்றில் விளக்குத் தெப்பம் விடுவதும் அவர் பெயரில்தான். கிடர்பூரிலிருந்து டயமண்ட் ஹார்பர் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால், நகரம் தேய்ந்து தெற்கு 24 பர்கானாவின் நெல்வயல்கள் தொடங்கிவிடும். தரிசைப் பச்சையாக்கும் வேலையை அங்கே ஒரு செடி செய்துகொண்டிருக்கிறது. வங்காளிகள் அதைத் தோஞ்சே என்கிறார்கள், நாம் தக்கைப்பூண்டு என்கிறோம்.

விதைக்கிறவன் அறுக்கத்தான் விதைக்கிறான். தக்கைப்பூண்டு இந்த விதிக்கு வெளியே நிற்கிற பயிர். ஏக்கருக்கு 20 கிலோ விதை போடுகிறார்கள். 45 நாளில் இடுப்புக்கு மேல் வளர்ந்து மஞ்சளாகப் பூவெடுக்கத் தொடங்கும்போது, காய்க்க விடாமல், தண்ணீர் கட்டி மடக்கி உழுதுவிடுகிறார்கள். நெல்லோடு சேர்த்தே வளர்க்கும் முறையும் உண்டு. நேரடி விதைப்பில் நெல் வரிசைகளுக்கு இடையே இதையும் தூவி, முப்பது முப்பத்தைந்து நாளில் கோனோ வீடர் என்ற களைக்கருவியை ஓட்டிச் சேற்றில் அமுக்கிவிடுவார்கள். நாற்பது நாள் வளர்ந்த செடி ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால், கடுகு அளவிலிருந்து மிளகு அளவு வரை முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே சதை இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்புப் பொருள் லெக்ஹீமோகுளோபின், நம் இரத்தத்தைச் சிவக்கவைக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவு. முடிச்சுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிருக்கு மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். அது காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடிக்கப் பயன்படுத்தும் நொதிக்கோ ஆக்சிஜன் பட்டாலே ஆகாது. இரண்டுக்கும் நடுவில் நின்று ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுப்பது இந்தச் சிவப்பு. இவ்வளவு நுட்பமாகச் சேர்த்த செல்வத்தைப் பூக்கும் நேரத்தில் மண்ணுக்குள் புதைத்துவிடுகிறோம். இந்தச் செயலுக்கு என்ன பெயர்? வருங்கால விளைச்சலுக்கு இட்ட முதலா? மண்ணுக்குச் செய்த தானமா? இரண்டும் பொருந்தாது என்பதும், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைத் திருப்பி வைப்பது என்பதே அதற்குச் சரியான பெயர் என்பதும் என் வாதம். அடைக்கலப் பொருள் என்று சொல்லலாம். தமிழ் முஸ்லிம் வீடுகளில் புழங்கும் அமானிதம் என்ற சொல் இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது.

முதலீடு என்ற விடையை முதலில் பார்ப்போம். இன்றைய வேளாண் பேச்சு முழுவதும் இந்த மொழியில்தான் நடக்கிறது. ஒரு ஏக்கர் தக்கைப்பூண்டு ஏறக்குறைய 8 டன் பசுந்தழை தரும். அதில் 25 முதல் 30 கிலோ தழைச்சத்து இருக்கும், பெரும்பகுதி காற்றிலிருந்து வந்தது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கும் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று அதிகம், கடை விலை 266 ரூபாய் 50 காசு. அதாவது 45 நாள் நிலத்தை விட்டுக்கொடுத்து, விதை வாங்கி, உழவுக்கூலி கொடுத்துச் சேர்த்த சத்தை, நானூறு ரூபாய்க்குள் ஒன்றரை மூட்டையாகத் தோளில் தூக்கி வந்துவிடலாம். விதைக்காசே அதைவிட அதிகம். கணக்குப் பார்க்கிற உழவரிடம் இதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. யூரியா விலையின் பெரும்பங்கை அரசு கட்டுகிறது என்பதும், தண்ணீர் கட்டிய நெல்வயலில் போட்ட யூரியாவில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதல்தான் பயிருக்குச் சேருகிறது, மீதி ஆவியாகவும் தண்ணீரோடும் போய்விடுகிறது என்பதும் உண்மையே. யூரியாவில் தழைச்சத்து உண்டு, மண்ணைப் பொலபொலப்பாக்கும் மக்கு கிடையாது என்பதும் உண்மைதான். இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். ஆனால் எவ்வளவு திருத்தினாலும் முதலீடு என்ற விடை ஓர் இடத்தில் முறிந்துவிடுகிறது. முதலீட்டின் நியாயம் முழுவதும் போட்டவருக்குத் திரும்புவதில் இருக்கிறது. மண்ணில் மக்கு கூடுவது ஒரு போகத்தில் தெரிகிற காரியம் இல்லை, பல ஆண்டுகளில் மெல்லத் தெரிவது. அடுத்த ஆண்டு நிலம் கைமாறப் போகிறவருக்கும், எழுபது வயது முதியவருக்கும், முதலீட்டுக் கணக்கு சொல்லக்கூடிய ஒரே அறிவுரை புதைக்காதே என்பதுதான். ஆனாலும் அந்த மண்ணைத் தேய்ந்த நிலையில் விட்டுப் போவது தவறு என்று நம் மனம் சொல்கிறது. அந்தத் தவறை முதலீட்டு மொழியால் பெயரிட்டுச் சொல்லவே முடியாது.

அப்படியானால் தானமா? நம் மரபில் பலரும் உடனே இந்தப் பக்கம் சாய்வார்கள். பூமித்தாய்க்குப் படையல் என்று சொல்லும்போது கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் தானம் கொடுக்க வேண்டுமானால் பொருள் முதலில் கொடுப்பவருடையதாக இருக்க வேண்டும். பத்திரம் வயலின் எல்லையைத் தருகிறது. எல்லைக்குள் இருக்கும் வளத்தை உண்டாக்கியது யார் என்பதற்கு எந்தப் பத்திரத்திலும் விடை இல்லை. வங்காளத்தைவிட இதற்குத் தெளிவான சான்று கிடையாது. எகிப்தில் நைல் நதிப் பாசனத்தில் பேர்பெற்ற பொறியாளர் வில்லியம் வில்காக்ஸ் 1928இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். பழைய வங்காளத்தில் வெள்ளக்காலத்து ஆற்றுநீரை அகலமான, ஆழமில்லாத கால்வாய்களால் வயல்களுக்குள் பரவவிட்டார்கள், அந்தச் செந்நீர் கொண்டுவந்த வண்டல்தான் மண்ணை ஆண்டுதோறும் புதுப்பித்தது என்பது அவர் கண்ட முடிவு. பின்னாளில் எழுந்த கரைகள் அந்த நீரை வயலிலிருந்து பிரித்தன, வளம் குன்றியது, மலேரியா பெருகியது என்றும் சொன்னார். அவர் சொன்ன வரலாற்றின் சில பகுதிகளை மறுப்பவர்கள் உண்டு. வண்டலைப் பற்றிய செய்தியை மறுப்பவர் இல்லை. இமயத்தில் கரைந்த பாறை, காட்டில் விழுந்த இலை, ஆயிரமாயிரம் ஆண்டு வெள்ளம் எல்லாம் சேர்ந்து இறக்கி வைத்த மூட்டை அது. காவிரிப் படுகைக்கும் இதே கதைதான். எவர் உழைப்பாலும் வராத ஒன்றிலிருந்து கொஞ்சம் எடுத்து அதற்கே திருப்பி வைத்துவிட்டு, தானம் செய்தேன் என்று சொல்லிக்கொள்வது தகாது.

திருப்பி வைக்க வேண்டும் என்று யார் சொன்னது என்ற கேள்வி இங்கே எழும். அதுவும் வள்ளுவர் பக்கத்திலிருந்தே எழும். ஒப்புரவறிதல் அதிகாரத்தை அவர் மழையை வைத்துத் தொடங்குகிறார்: மழை கைம்மாறு எதிர்பார்ப்பதில்லை, உலகம் அதற்கு என்ன செய்துவிட முடியும் என்று கேட்கிறார். பொறையுடைமை அதிகாரத்தின் தொடக்கத்திலோ, தன்னைத் தோண்டுகிறவர்களையே தாங்கி நிற்கிறது நிலம். கேளாமல் கொடுக்கிற ஒன்றுக்கும், வெட்டினாலும் பொறுத்துக்கொள்கிற ஒன்றுக்கும் நாம் எப்படிக் கடன்பட முடியும்? இது வலுவான தடை. ஆனால் மழைக்கும் மண்ணுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மழை பெய்வதால் வானம் வறுமைப்படுவதில்லை, கடலிலிருந்து மறுபடி ஏறிவிடுகிறது. மண் கொடுத்தால் குறைகிறது. இரண்டரை டன் நெல் அறுத்து மூட்டை கட்டி அனுப்பினால், அந்தத் தானியத்துக்குள்ளேயே 25 கிலோவுக்கு மேல் தழைச்சத்து வண்டியேறிவிடுகிறது. ஒரு ஏக்கர் தக்கைப்பூண்டு சேர்த்து வைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். இந்தப் பொருத்தம் எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. வைக்கோலும் போனால் சாம்பல் சத்தின் பெரும்பகுதி அதோடு போய்விடும். கொடுத்தால் குறைகிற ஒன்றின் பொறுமையை அதன் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. வள்ளுவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. உழவு அதிகாரத்தில், மண்ணை நன்றாக உழுது கால் பங்காகக் காயவிட்டால் பிடி எருவும் வேண்டாம் என்று ஒரு குறளில் சொல்லிவிட்டு, அடுத்த குறளிலேயே உழுவதைவிட எருவிடுவது நல்லது என்கிறார். முரண் போலத் தோன்றும் இந்த இரண்டையும் அடுத்தடுத்து அவர் வைத்ததில் ஒரு கருத்து இருக்கிறது என்று நினைக்கிறேன். உழைப்பால் இந்தப் போகத்தை எடுத்துவிடலாம், அடுத்தடுத்த போகங்களுக்கு உழைப்பு மட்டும் போதாது. கீதையின் மூன்றாம் அத்தியாயம் இன்னும் கடுமையாகப் பேசுகிறது. கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தராமல் உண்கிறவனை அது கள்வன் என்றே சொல்கிறது.

கள்வன் என்ற சொல் வந்ததும் கிடர்பூர்க் கப்பல்துறை நினைவுக்கு வருகிறது. 1892இல் அந்தத் துறைக்குள் கப்பல்கள் வரத் தொடங்கின. அதற்கு மறு ஆண்டு, 1893இல், ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ஆங்கிலேய வேதியியல் அறிஞரின் அறிக்கை வெளியானது. இந்திய விவசாயத்தை எப்படி முன்னேற்றலாம் என்று பார்த்துவர அரசு அனுப்பிய ஆள் அவர். இந்திய உழவனுக்குச் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை, சராசரி ஆங்கிலேய உழவனுக்கு அவன் இளைத்தவன் அல்லன் என்று எழுதினார். நாட்டிலிருந்து எலும்பும் எண்ணெய் வித்தும் கப்பலேறிப் போவது மண்ணின் வளம் கப்பலேறிப் போவதே என்ற கவலையையும் பதிவு செய்தார். சாணம் வயலுக்குப் போகாமல் விறகுக்குப் பதில் அடுப்பில் எரிவதையும் எடுத்துக்காட்டினார். துறை கட்டப்படுவதற்கு நூறாண்டுக்கு முன்பிருந்தே ஹூக்ளி வழியாகப் போய்க்கொண்டிருந்த இன்னொரு சரக்கு வெடியுப்பு. பீகார்க் கிராமங்களில் மாட்டுத்தொழுவங்களையும் மண்சுவர்களையும் ஒட்டிப் பூக்கும் உப்பை நோனியா மக்கள் சுரண்டிக் காய்ச்சினார்கள், கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஐரோப்பாவுக்கு அனுப்பியது, அங்கே அது வெடிமருந்தானது. வெடியுப்பு என்பது நைட்ரேட். வயலுக்குத் திரும்பியிருக்கக்கூடிய தழைச்சத்து பீரங்கிக் குழாய்க்குள் போய் முடிந்தது. 1922இல் கல்கத்தாவில் லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட் மண் கொள்ளை போவதைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார், தாகூரும் அதே கருத்தை ஒட்டிப் பேசினார். அந்த ஆண்டுதான் இருவரும் ஸ்ரீநிகேதன் என்ற கிராமப் புனரமைப்பு நிலையத்தைத் தொடங்கியிருந்தார்கள். கிராமம் நகரத்துக்கு அனுப்புகிறது, நகரம் திருப்பி எதுவும் அனுப்புவதில்லை என்பதே அந்தப் பேச்சின் சாரம். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா 1945இல் எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், எடுத்ததற்கு ஈடு செய்யாத வாழ்வை ஒட்டுண்ணி வாழ்வு, கொள்ளை வாழ்வு என்று வகை பிரித்தார்.

இவ்வளவும், எடுத்தால் ஈடு செய்ய வேண்டும் என்பதைக் காட்டும். யாருக்கு என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. மண்ணுக்கு என்று சொன்னால், மண் ஓர் ஆளா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடையை நான் கிள்ரிடம் தேடுகிறேன். குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தில் மூஸா நபி, இறைவனிடமிருந்து தனி அறிவு பெற்ற ஓர் அடியாரோடு பயணம் போகிறார். அவர்தான் கிள்ர் என்று ஹதீஸ் சொல்கிறது. முதலில் இருவரும் ஒரு படகில் ஏறுகிறார்கள், கிள்ர் அதைத் துளையிட்டுவிடுகிறார். அந்தக் கதையின் நடுப்பகுதி, ஒரு சிறுவனின் மரணம், என் வாதத்துக்கு அப்பாற்பட்டது. கடைசியில், பசித்து வந்தவர்களுக்கு உணவு தர மறுத்த ஓர் ஊரில், விழப்போன சுவர் ஒன்றைக் கிள்ர் எடுத்து நிறுத்துகிறார். இதற்குக் கூலியாவது வாங்கியிருக்கலாமே என்கிறார் மூஸா. பிறகு விளக்கம் வருகிறது. படகு ஏழைகளுடையது. நல்ல படகுகளையெல்லாம் பறிக்கும் அரசன் ஒருவன் பின்னால் வந்துகொண்டிருந்தான், பழுதான படகை அவன் விட்டுவிடுவான். சுவர் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அதன் அடியில் அவர்களுக்கு உரிய புதையல் இருந்தது, அவர்கள் வளர்ந்து வந்து எடுத்துக்கொள்ளும் வரை அது மறைந்திருக்க வேண்டும். மண்ணின் வளத்தை நான் அந்தப் புதையலாகப் பார்க்கிறேன். உரியவர்கள் இன்னும் வளரவில்லை, பலர் இன்னும் பிறக்கவே இல்லை. அவர்களால் கேட்க முடியாது, வழக்குப் போட முடியாது. இல்லாதவருக்கு உரிமை ஏது என்று தருக்கம் பேசுவோர் கேட்கலாம். உரியவர் எதிரில் நின்று கேட்கும்போது அது சாதாரணக் கடன். உரியவர் இல்லாத நேரத்தில்தான் அமானிதம் என்ற சொல்லுக்கே வேலை வருகிறது. ஆகவே நாம் மண்ணுக்குக் கடன்பட்டவர்கள் என்பதைவிட, மண் வழியாக அநாதைகளுக்குக் கடன்பட்டவர்கள் என்பதே சரி. தக்கைப்பூண்டை மடக்கி உழுவது கூலி கேட்காமல் சுவர் எடுப்பது. உணவு மறுத்த ஊரிலும் கிள்ர் அதைச் செய்தார் என்பதை மறக்கக்கூடாது.

இந்தக் கதையை எடுத்தாள்வதில் ஓர் ஆபத்து இருப்பதை அறிவேன். படகைத் துளையிட்ட பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த நன்மை உனக்குத் தெரியாது, பொறுத்துக்கொள் என்று ஏழைகளிடம் சொல்லியே எத்தனையோ கேடுகள் நடந்திருக்கின்றன. வங்காளத்து ஆறுகளுக்குக் கரை கட்டியவர்களும் இப்படித்தான் பேசியிருப்பார்கள். கிள்ருக்கு இறைவன் அறிவித்திருந்தான், நமக்கு அப்படி எவரும் அறிவிப்பதில்லை. எனவே மூஸா நபியின் பொறுமையின்மைதான் நம்மைப்போன்ற மனிதர்களுக்கு உரிய அறம் என்று நினைக்கிறேன்: அடுத்தவர் படகை உடைத்தால் ஏன் என்று கேட்டே தீர வேண்டும். சுவரில் அந்த ஆபத்து இல்லை. அங்கே வியர்வை சிந்தியவரும் கூலியை விட்டவரும் ஒருவரே, எவருடைய பொருளும் உடைக்கப்படவில்லை. பிறருக்கு இழப்பை உண்டாக்கும் நன்மைக்கு மறைவான அறிவு வேண்டும், தானே இழப்பை ஏற்கும் நன்மைக்கு அது வேண்டியதில்லை. பசுந்தாள் பயிர் எந்தப் பக்கம் சேரும் என்பது, அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவரும் அரசும் சேர்ந்து, 45 நாள் வருமானத்தை விடு என்று குத்தகைக்காரரிடம் சொன்னால், அது சுவர் எடுப்பதாகாது, அவருடைய படகை உடைப்பதாகும்.

பசியின் பக்கத்திலிருந்து வரும் தடைக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. 1943இல் வங்காளத்தில் பஞ்சத்தால் முப்பது இலட்சம் பேர் வரை செத்தார்கள். தட்டில் சோறு இல்லாதபோது, பயிரை வளர்த்துப் புதை என்று சொல்வது அறமா? இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தமிழ்நாட்டில் பரப்பிய பலதானிய விதைப்பில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அதில் மடக்கி உழப்படுவது பூண்டு மட்டும் இல்லை. கம்பு, சோளம், உளுந்து, எள் என்று மனிதர் உண்ணும் தானியங்களும் சேர்ந்து மண்ணுக்குள் போகின்றன. பசித்தவர் முன்னால் அதைச் செய்யக்கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்தப் பஞ்சத்தின் பாடம் வேறு. நெல் இருந்தது, வாங்கும் சக்தி மக்களுக்கு இல்லை என்று அமர்த்தியா சென் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு ஆமன் என்ற மழைக்கால நெல்லைப் பழுப்புப் புள்ளி நோய் கடுமையாகத் தாக்கியிருந்ததும் உண்மை. சத்துக் குறைந்த மண்ணில் வலுக்கும் நோய் என்று பயிர் மருத்துவர்கள் அறிந்த நோய் அது. விளைவிப்பதில் தவறும் பங்கிடுவதில் தவறும் ஒன்றையொன்று பெருக்கின. மண்ணைத் தேயவிடுவதால் பசி தீர்ந்ததாக எங்கும் சான்று இல்லை. போரோ என்ற கோடைப்பருவ நெல்லின் அறுப்புக்கும் ஆமன் நடவுக்கும் இடையே வங்காளத்தில் கிடைக்கும் இரண்டு மாத இடைவெளியில் தோஞ்சே விதைத்தால் எவர் தட்டிலிருந்தும் சோறு குறைவதில்லை.

உயிர்க்கொலை என்ற தடையைச் சமணமும் பௌத்தமும் எழுப்பும். உழும்போது மண்ணுயிர்கள் சாகின்றன என்று சமணர்கள் உழவைத் தவிர்த்தார்கள். பௌத்த பிக்குகளுக்கு மண்ணைத் தோண்டுவதே விலக்கு. பூவோடு நிற்கும் செடியைக் கலப்பைக்குக் கொடுப்பது அவர்கள் கண்ணுக்குக் கொடுமைதான். அந்த மென்மையை நான் மதிக்கிறேன். ஆனால் நெல்லுக்காக எப்படியும் உழத்தான் போகிறோம். அந்த உழவால் குலைந்த மண்ணுயிர்களுக்கு மறுபடி தீனி வைப்பது இந்தப் புதைத்த தழைதான், பத்துப் பதினைந்து நாளில் மண்ணின் நுண்ணுயிர்கள் அதைப் பெரும்பாலும் மக்கவைத்துவிடுகின்றன. சூழலியல் பக்கத்திலிருந்து வருகிற தடை இதைவிடக் கனமானது: தண்ணீர் தேங்கிய வயலில் தழையை அமுக்கினால் மீத்தேன் வாயு கூடுகிறது. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். செடி முற்றுவதற்குள் உழுது, நடவுக்குப் பின் வயலை இடையிடையே காயவிட்டுத் தண்ணீர் கட்டினால் அது கணிசமாகக் குறையும். சுவர் எடுக்கிறேன் என்று பக்கத்து வீட்டு வாசலை அடைத்துவிடக்கூடாது.

ஆக, செலவை யார் ஏற்பது என்பதில்தான் எல்லாம் வந்து முடிகிறது. மேற்கு வங்காளத்தில் 1978இல் தொடங்கிய ஆபரேஷன் பர்கா, வாரத்துக்கு உழுத 14 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, நிலத்திலிருந்து எளிதில் எழுப்பிவிட முடியாதபடி செய்தது. அதன்பின் விளைச்சல் கூடியதாக அபிஜித் பானர்ஜி, பால் கெர்ட்லர், மைத்ரீஷ் கட்டக் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. நாளையும் இங்கே இருப்பேன் என்ற உறுதி உள்ளவரிடம்தான் மண்ணைப் பார்த்துக்கொள் என்று சொல்ல முடியும். காவிரிப் படுகையில் எழுத்தில்லாத வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவர்கள் இன்றும் ஏராளம். தமிழ்நாடு அரசு 2024இல் தொடங்கிய ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதைக்கு மானியம் தருவது நல்ல தொடக்கம். ஆனால் குத்தகைச் சீட்டு இல்லாதவருக்கு இப்படிப்பட்ட மானியம் போய்ச்சேருவது கடினம். நெல்லைத் தின்கிற நகரமும் இந்தக் கணக்கிலிருந்து விலகி நிற்க முடியாது. கல்கத்தாவிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. நகரத்தின் கழிவுநீர் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் ஈரநிலத்துக்குப் போய், அங்கே மீனாகவும் காய்கறியாகவும் நெல்லாகவும் நகரத்துக்கே திரும்புகிறது. துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர் வாழ்நாள் முழுவதும் அதற்காக வாதாடினார், 2002இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. யூரியா மூட்டைக்குக் கட்டுகிற பணத்தில் ஒரு பங்கை, பசுந்தாள் பயிர் நிற்கும் 45 நாளுக்கு ஏக்கர் வாடகையாக, உழுகிறவர் கையிலேயே அரசு கொடுக்கலாம். நாம் கட்டும் வரியிலிருந்து போகும் அந்தத் தொகை உழவருக்குச் செய்யும் உதவியாகாது. சுவருக்கு நம் பங்குக் கல் அது.

காவிரிப் படுகைக்காக மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தக்கைப்பூண்டு பூவெடுக்க 45 நாள் வேண்டும். கோடை மழை ஈரத்தில் விதைக்க வேண்டிய நாள் ஏப்ரல் 28. அதற்குள் விதையும் குத்தகைச் சீட்டும் உழுகிறவர் கைக்கு வந்து சேர வேண்டும்.